நீ கழித்துவிட்ட கிளுவைகள்

என் அன்பு அண்ணா,

நீ இருக்கும் இடத்தில் உனக்கு எந்தக் குறையும் இருக்காது என்று நம்புகிறேன். இங்கே பழவேற்காட்டில் இந்த வருஷத்து முதல் கிளுவை வாத்துக் கூட்டம் இறங்கிவிட்டது. நேற்று கரையில் நின்று பார்த்தேன். தலையை எண்ணி நோட்டில் எழுதும் வேலை என்னுடையது, ஆனால் எழுதத் தோன்றவில்லை. நீ மாரடைப்பில் போய் மூன்று மாதம்தான் ஆகிறது.

அண்ணி நன்றாக இருக்கிறாள். உன் மகன் ரயிலேறி கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குப் போய்வருகிறான். உன்னைப் போலவே கடைசி நிமிஷத்தில் ஓடித்தான் ஏறுகிறானாம். சொல்லித் திருந்துகிற வம்சமா நம்முடையது?

ஒரு விஷயம் உன்னிடம் சொல்ல வேண்டும். சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்.

போன வருஷம் வடக்கே பறவைக் காய்ச்சல் வந்து, இங்கே கோழிக்கடைக்காரர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்த சமயம் அது. ஏரிக்கு வரும் வாத்துகளுக்கு நோய் இருக்கிறதா, இங்கே யார் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று பார்க்க ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. விலங்கியல் படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு அதில் பதிவேடு எழுதும் வேலை கிடைத்தது. வலை போட ஆள் வேண்டும் என்றார் குழுவை நடத்திய டாக்டரம்மா. நான் உன் பேரைச் சொன்னேன். கிளுவை பிடித்ததற்காக வனத்துறையிடம் ஒருமுறை மாட்டியவன் நீ. முறையாக அனுமதி வாங்கி அதே வலையை உன் கையில் கொடுத்தபோது உனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

விடிந்ததும் நீ பறவைகளைத் துணிப்பையில் கொண்டுவருவாய். நான் எடை போடுவேன். டாக்டரம்மா தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுத்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிடுவார். நவம்பரில் ஆரம்பித்து ஜனவரி வரை ஒரு பறவையிலும் நோய் இல்லை. கொழுகொழுவென்று ஒவ்வொன்றும் அவ்வளவு அழகு. கைராசிக்காரர் என்று உன்னை அவர் மெச்சினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் உனக்கு நாஷ்டா எடுத்துக்கொண்டு வலை போட்ட இடத்துக்கே வந்தேன். கழுத்தைத் தூக்க முடியாமல் தள்ளாடிய ஒரு கிளுவையை நீ வலையிலிருந்து அவிழ்த்து, வேலிக்காத்தான் புதருக்குள் விட்டுக்கொண்டிருந்தாய். உள்ளே இன்னும் இரண்டு கிடந்தன. ஏன் இதையெல்லாம் கொண்டுவரவில்லை என்று கேட்டேன்.

"இன்னாம்மா கேக்கற? சீக்குப் புடிச்சதப் போயி அவங்க கையில குடுப்பாங்களா? வாப்பா காலத்துலருந்தே நம்ம ஊட்ல அந்தப் பழக்கம் கெடையாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. துவண்ட பறவையை ஒருவரிடம் தின்னக் கொடுப்பது பாவம், வலையிலேயே கழித்துவிட வேண்டும் என்பது வாப்பாவின் கறார். ஊரில் நம் வீட்டுக்கு இருந்த பேரே அதனால் வந்ததுதான். ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்டதோ அந்தத் துவண்ட பறவைதான். அதை உனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான். முதல் நாள் நான் உன்னிடம் சொன்னது, நல்லதாகப் பார்த்துப் பிடித்துக் கொடு என்பது மட்டும்தான்.

விவரம் புரிந்ததும் நீ நேராக டாக்டரம்மாவிடம் கிளம்பினாய். நான் உன் கையைப் பிடித்து நிறுத்தினேன். மூன்று மாத வேலையும் பாழ் என்றால் நம் இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். இனிமேல் எல்லாவற்றையும் கொண்டுவா, பழசை விட்டுவிடு என்றேன். எனக்காக நீ வாயை மூடிக்கொண்டாய். அதற்குப் பிறகும் மூன்று தடவை கேட்டாய்.

"சொல்லிடலாம்மா. மனசுக்குப் பேஜாரா கீது."

அப்புறம், அப்புறம் என்றேன். எத்தனை அப்புறம் மிச்சம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அந்தப் பிப்ரவரியில், நீ துவண்டதையும் கொண்டுவரத் தொடங்கியதுமே நோய் தெரிய ஆரம்பித்தது. நாங்கள் பயந்த பறவைக் காய்ச்சல் இல்லை, வேறொரு தொற்று. இப்போது அறிக்கை எழுதுகிறார்கள். நோய் ஏரிக்குள் வந்ததே பிப்ரவரியில்தான், எச்சரிக்கையும் ரோந்தும் அந்த மாதத்திலிருந்து போதும் என்று வரைவில் எழுதியிருந்தது. நம் ஆட்கள் நவம்பரிலேயே திருட்டுத்தனமாக வலை போட்டு, வெறுங்கையால் அவிழ்க்கிறவர்கள். அவர்களிடம் போய் அதுவரை பயமில்லை என்று சொல்வதா? பறவை பிடித்த முறையைப் பற்றிய பகுதியை என்னையே எழுதச் சொன்னார்கள். இரண்டு நாள் பேனா ஓடவில்லை.

முந்தாநாள் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் அண்ணா. நீ எப்போதிலிருந்து அப்படிக் கழித்தாய் என்று மட்டும் கேட்டார். முதல் நாளிலிருந்தே என்றேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் அந்த வரியை அடித்துவிட்டு, தாளை என் பக்கம் தள்ளினார்.

"நடந்தத அப்படியே எழுதும்மா. அவர்கிட்ட நாங்களும் ஒரு வார்த்தை கேக்கலியே."

எழுதினேன். முதல் மூன்று மாதத்தில் நோயுற்ற பறவைகளும் வலையில் விழுந்தன, அவை வேண்டும் என்று வலைக்காரரிடம் நாங்கள் சொல்லவில்லை, தெரிந்த பிறகும் பதிவேடு எழுதியவர் மறைத்தார் என்று இருக்கிறது. இந்த வேலை எனக்கு இருக்குமா என்று இன்னும் தெரியாது. உன் மேல் ஒரு பழியும் இல்லை.

உன் வாயாலேயே சொல்லிப் பாரத்தை இறக்கியிருக்கலாம். அதை உனக்குக் கொடுக்காமல் போனேன். இந்த ஒன்றுக்கு மட்டும் என்னை மன்னிப்பாயா?

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இந்த வேலையில் நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அடுத்து வலை போட வருகிறவரை நானே போய்ப் பார்ப்பேன். எழுந்து நிற்க முடியாத பறவையை முதலில் கொடுங்கள், எங்கள் அண்ணனிடம் நான் சொல்லாமல் விட்டது அதுதான் என்பேன்.

உன்னை வாயடைக்க வைத்த தங்கை,
ஷமீம்