உள்ளே ஆள் இருக்கிறது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போன் செய்தால் உன் உதவியாளர்தான் எடுக்கிறார். சார் எழுதிக்கொண்டிருக்கிறார், நீங்கள் யார், என்ன விஷயம் என்று கேட்கிறார். என்ன விஷயம் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். இங்கே நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். இரண்டு பேர் என்று எழுதியிருப்பதைக் கொஞ்சம் கவனி. அப்பாவும் நானும்.

முதலில் நீ கேட்கப் பிரியப்படுகிற செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் ‘ஆவிக்கப்பல்’ எங்கள் சலவைக்கூடத்தில் கைமாறிக் கைமாறி அட்டையே போய்விட்டது. பேரைப் பார்த்துப் பேய்க்கதை என்று நினைத்து ஆரம்பத்தில் யாரும் தொடவில்லை. என் பக்கத்து மேசையில் விரிப்பு மடிக்கிற மடிப்புக்காரிதான் தைரியமாக வாங்கி வந்தாள். நீராவியில் ஓடுகிற கப்பல் ஆகாயத்தில் பறக்கிறது, அதற்குள் ஒரு ஊரே இருக்கிறது என்று அவள் சொன்னபோது, வெக்கை இவள் தலைக்கு ஏறிவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்புறம் சாப்பாட்டு நேரத்தில் அவள் வாய்விட்டு வாசிக்க வாசிக்க, எல்லோரும் டப்பாவைத் திறக்க மறந்துபோய் உட்கார்ந்திருந்தோம்.

கப்பலில் வருகிற அந்தப் பித்தளைக் காக்காய்க்கு இங்கே தனி மவுசு. வயிற்றில் தண்ணீர் தீர்ந்தால் திட்டிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்றுவிடுகிறது. மறுநாள் தண்ணீர் ஊற்றினால் விட்ட வார்த்தையிலிருந்து திட்டைத் தொடர்கிறது. எங்கள் மேனேஜருக்குக் காக்காய் என்றே பேர் வைத்துவிட்டார்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே முடிவெடுக்கிற அந்தப் பெண் கேப்டனையும் எல்லோருக்கும் பிடிக்கிறது. துடைத்து முடித்துவிட்டாள் என்றால் யாருக்கோ கேடுகாலம். கயிற்றில் தொங்கிக்கொண்டு சண்டை, புத்தகத்தின் முன்பக்கத்தில் மேகங்களுக்கு வரைபடம், ஒவ்வொரு அத்தியாயமும் மூச்சை நிறுத்தி வைத்துவிட்டு முடிவது. நம் வேலை இடமே ஆகாயத்தில் ஏறிவிட்ட மாதிரி இருக்கிறது, இந்தப் புழுக்கத்துக்கும் ஒரு மரியாதை வந்துவிட்டது என்றாள் மடிப்புக்காரி. அது உண்மைதான். உனக்கு எழுத வரும் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை.

அப்பாவிடம் நீ எழுதிய புத்தகம் என்று சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். தினமும் வேலை முடிந்து வந்து, முகம் கழுவிவிட்டு, அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். முதல் பக்கத்தை மட்டும் வாசிக்கவில்லை. ‘கொதிகலன் அறையில் உயிர்விட்ட என் தந்தைக்கு’ என்று அச்சடித்திருக்கிறாயே, அந்தப் பக்கத்தை. கண் தெரியாதவருக்கு வாசிப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

கப்பலில் கொதிகலன் ஓட்டுகிற கரிமாமா கதையில் வந்த உடனேயே அப்பா அடையாளம் கண்டுகொண்டார். தோளில் துண்டு, பாட்டு வராமல் வெறும் ராகத்தை இழுப்பது, கோபம் வந்தால் ஸ்பேனரைத் தேடுவது. “என்னையத்தான் எழுதியிருக்கான்”னு சிரித்தார். இவ்வளவு சின்ன பாய்லர் எப்படி அப்பா ஒரு ஊரையே தூக்கும் என்று நான் கேட்டேன். “கதைம்மா. பறக்குறது பறக்கட்டும் விடு”ன்னார். நான் வீட்டுக்குள் வரும்போதே, கரிமாமா இன்றைக்கு என்ன செய்கிறார் என்று விசாரிக்க ஆரம்பித்தார். அந்தத் தீ விபத்துக்கு அப்புறம் அவர் நாளைக்கு என்று ஒன்றை எதிர்பார்த்து நான் பார்த்ததில்லை. தீ விபத்து என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். தீ எங்கே இருந்தது, ஆவிதானே.

கரிமாமா சாகப்போகிறார் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. மடிப்புக்காரி அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு அழுத கண்ணோடு வந்து, நீயும் அழப்போகிறாய் பார் என்றாள். நான் அழவில்லை. சாயங்காலம் புத்தகத்தைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாத கதையை அளந்தேன். கரிமாமா தப்பித்துவிட்டார், கப்பலை ஒரு தீவில் இறக்கினார், காக்காய்க்குக் கல்யாணம் பேசினார் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். நான் என்ன எழுத்தாளரா? சில நாள் பொறுமையாகக் கேட்ட அப்பா, “இங்கேருந்து கொஞ்சம் தொய்வா இருக்கும்மா, தம்பிக்கு ஒடம்பு சரியில்லாம இருந்திருக்கும்”னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, உன் மேல் ஆத்திரமும் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வாசகர் வட்டத்திலிருந்து இரண்டு பெண்களும் ஒரு பையனும் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், குறை சொல்ல முடியாது. நெற்றியில் உன் கேப்டன் மாதிரியே பித்தளைச் சட்டம் போட்ட கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு தெருவே வேடிக்கை பார்க்க வந்தார்கள். கதவை மூன்று தட்டுத் தட்டினார்கள். உன் வாசகர்கள் எங்கே கூடினாலும் அப்படித்தான் மேசையைத் தட்டிக்கொள்வார்களாமே. உள்ளே கட்டிலில் இருந்த அப்பா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். இத்தனை வருஷம் கழித்தும்.

இரண்டாம் பாகத்தின் வெளியீட்டு விழாவில் மேடையில் வைக்க உன் அப்பாவின் போட்டோ வேண்டும், உனக்குத் தெரியாமல் செய்து உன்னை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்றார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “புத்தகத்துலேயே அந்தச் சாவுதான்க்கா உச்சம். நான் நாலு தடவை படிச்சு அழுதேன். அவரோட பொண்ணு நீங்க, உங்களைப் பார்த்ததே போதும்” என்றாள். அந்த நேரம் பார்த்து உள்ளே இருந்து யாரும்மா வந்திருக்கிறது என்று அப்பாவின் குரல் வந்தது. அவர்கள் என்னைப் பார்த்தார்கள். எங்கள் மாமா, உடம்பு முடியாதவர் என்று சொன்னேன். பெற்ற அப்பாவை மாமா ஆக்கினேன், தம்பி. நீ ஊர் முழுக்கச் சொல்லிவைத்த பொய்க்கு நான் வீட்டுக்குள் முட்டுக்கொடுத்தேன். போட்டோவைத் தேடி எடுத்து வைக்கிறேன் என்று அனுப்பி வைத்தேன்.

அவர்கள் போன பிறகு அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அப்புறம், “நீ வாசிச்ச கதையில அவர் சாகலையே?” என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அதை அவர் பார்க்கப்போகிற மாதிரி. “எப்படிச் செத்தாருன்னு வாசி. அவன் எழுதினதை வாசி, உன்னோடது வேண்டாம்”னார்.

வாசித்தேன். ஒரு வரி விடாமல் வாசித்தேன். கப்பல் விழப்போகிறது, விரிசலை அடைக்கக் கரிமாமா கொதிகலனுக்குள் இறங்குகிறார், வெளியே வால்வுச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு பையன் நிற்கிறான். உள்ளே இருந்து மூன்று தட்டு வருகிறது. உள்ளே ஆள் இருக்கிறது, திறக்காதே என்று அர்த்தம். ஆவி விடாவிட்டால் கப்பலோடு எல்லோரும் சாக வேண்டியதுதான். அப்போது கரிமாமாவே மறுபடி தட்டுகிறார், இரண்டு தட்டு. ஆவியை விடு என்று. பையன் அழுதுகொண்டே சக்கரத்தைத் திருப்புகிறான். கப்பல் மேலே ஏறுகிறது. படிக்கிறவர்கள் அழாமல் என்ன செய்வார்கள்?

அப்பா என்னை நிறுத்தி, மூன்றுக்கு அப்புறம் இரண்டு தட்டினாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அப்போ பையன் மேல தப்பில்லை.” இல்லைப்பா என்றேன். “நல்லாத்தான் எழுதியிருக்கான்” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அன்றைக்கு இரண்டு தட்டு வரவில்லை, தம்பி. சலவைக்கூடத்துக் குழாய் அடித்தளத்திலிருந்து மேல்மாடி வரைக்கும் ஒரே குழாய்தான். துணி வெளுக்கிற பெரிய டிரம்முக்குள் சிக்கிய துணியை எடுக்க அப்பா இறங்கி மூன்று தட்டியது, மேலே இஸ்திரி மேசையில் நின்ற எனக்கே பளிச்சென்று கேட்டது. நீ வால்வு பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாய். உனக்கும் கேட்டிருக்கும் என்று நினைத்துத்தான் நான் என் வேலையைப் பார்த்தேன். அடுத்த நிமிஷம் வால்வு திறந்து ஆவி ஏறுகிற சத்தமும், அப்புறம் அப்பாவின் சத்தமும் வந்தது. நான் ஓடி வந்தபோது நீ வாசித்துக்கொண்டிருந்த கதைப் புத்தகம் வால்வுக்குக் கீழே கவிழ்ந்து கிடந்தது. மேனேஜர் கண்ணில் படும் முன்னால் அதை எடுத்து அடுப்பில் போட்டது யார் என்று நீ எப்போதாவது யோசித்திருக்கிறாயா?

கட்டுப் போட்ட முகத்தோடு அப்பா மேனேஜரிடம், தட்ட மறந்தது நான்தான் என்றார். அவர் தப்பு என்றே முடிந்துபோனது. சலவைக்கூடத்தில் ஒரு பைசா தரவில்லை. என்னிடம் மட்டும், “அவன் வாழ வேண்டிய பையன், விட்டுடும்மா. இதைப் பத்தி நீயும் கேக்காதே” என்றார். நானும் விட்டேன். நீ அந்த மாதமே ஊரை விட்டுப் போனாய். பயத்தில் போகிறான், திரும்பி வருவான் என்று அவர் சொன்னார். நீ திரும்பி வந்தது புத்தகத்தில்தான். அதிலும் அவரைச் சாகடித்துவிட்டு வந்தாய்.

கதை எழுதுகிறவர்கள் மாற்றித்தான் எழுதுவார்கள், அது எனக்குத் தெரியும். நீ அந்த இரண்டு தட்டைச் சேர்த்ததைக்கூட என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. உனக்கும் ராத்திரியில் தூக்கம் வந்திருக்காது. பாவம் என்று அப்பா நினைக்கிறார். எனக்கு அந்த அளவுக்குப் பெரிய மனசு இல்லை. கதையில் அவரைக் கொன்றதை விட்டுவிடலாம். பேட்டி பேட்டியாக, என் அப்பா அந்த அறையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சொல்கிறாயே, அது கதை இல்லையே. உயிரோடு இருக்கிறவருக்காக யாரோ ஒரு பெண் என் வீட்டு வாசலில் நின்று கண் கலங்கினாள், அவர் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். உன்னை மிரட்டுவதாக நினைக்காதே. இத்தனை நாள் மூடி வைத்ததை இப்போது திறந்து யாருக்கு என்ன லாபம்? அந்தப் பிள்ளைகள் உன் புத்தகத்தை உயிராக நினைக்கிறார்கள், அவர்கள் வாயில் மண்ணைப் போட எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் காலையில் அப்பா எழுந்ததும் முதலில் கேட்டது போட்டோவைத்தான். “குடுத்துட்டியா? நல்ல போட்டோவாப் பார்த்துக் குடு. இஸ்திரி போட்ட சட்டையில ஒண்ணு இருக்கும்” என்றார். அப்புறம் அவரே, இரண்டாம் பாகத்தில் கரிமாமா பிழைத்து வருவாரா என்று கேட்டார். உன் வாசகர்களும் அதைத்தான் பேசிக்கொள்கிறார்களாம். பித்தளையில் கை கால் வைத்து அவரை எழுப்பிவிடுவாய் என்று பாதிப் பேரும், அப்படிச் செய்தால் முதல் பாகமே கெட்டுவிடும் என்று மீதிப் பேரும். நான் அதைச் சொன்னேன். “எனக்கென்னமோ வருவார்னுதான் தோணுது” என்றார் அப்பா.

போட்டோவை நான் தரப்போவதில்லை. அவருடைய சட்டைக்குத்தான் இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருக்கிறேன். மேடையில் வேண்டாம், யார் என்றும் சொல்ல வேண்டாம், கூட்டத்தில் கடைசி வரிசையில் இரண்டு நாற்காலி போடச் சொல். நீ வாசிப்பதைக் கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம். யாராவது கேட்டால் மாமா என்று நானே சொல்லிக்கொள்கிறேன், எனக்குத்தான் பழகிவிட்டதே.

அதுவும் முடியாது என்றால் ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வா. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கண்ணுக்கும் கைக்கும் ஒரு குறையும் வரக் கூடாது என்று அப்பா எழுதச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன். வந்தால் கதவைத் தட்டாதே, தட்டினால் முகத்தைப் பொத்திக்கொள்கிறார். வாசலில் நின்று அப்பா என்று ஒரு குரல் கூப்பிடு. அவருக்குக் கண்தான் போயிற்று, காது நன்றாகக் கேட்கிறது.

இப்படிக்கு,
உன் அக்கா