எனக்குச் சுற்றிய எலுமிச்சம்பழம்

அக்கா,

கல்யாணத்துக்குப் போட்டுப்போன சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் ஓர் எலுமிச்சம்பழம். ஒரு வாரத்தில் தோல் இறுகிப் பழுப்பேறியிருக்கிறது. நகத்தால் கீறினால் மணம் அப்படியே இருக்கிறது. அந்த மணம் முதலில் என்னைப் பெரியம்மாவிடம்தான் கொண்டுபோய் நிறுத்தியது, உன்னிடம் அல்ல. என்னிடம் கோபம்தான் எப்போதும் முந்திக்கொள்ளும், உனக்குத் தெரியாததா.

நாம் மலாக்காவிலிருந்து வாடகை பஸ்ஸில் திரும்பிய அந்த மழைநாளில் பஸ் கவிழ்ந்து உன் தோளும் என் விலாவும் முறிந்தன. எலும்புகள் கூடிவிட்டன. ஆனால் அதன் பிறகு நீ பஸ் ஏறவில்லை. கீழே சாலையில் பிரேக் சத்தம் கேட்டால், நம் ஈசூன் அடுக்குமாடி வீட்டுக்குள் நின்றபடியே சுவரைப் பிடித்துக்கொள்வாய். பெரியம்மா வந்து உன் தலையைச் சுற்றி எலுமிச்சம்பழம் கழித்தார்.

"தம்பிக்கும் சுத்துங்க பெரியம்மா," என்றாய்.

"அவனுக்கு எதுக்கு? ஆம்பளைப் பிள்ளை. நல்லாத்தானே இருக்கான்."

நன்றாகத்தான் இருந்தேன். டாக்சி கொஞ்சம் வேகமாகத் திரும்பினால் ஓட்டுநரின் சட்டையைப் பிடிக்கப் போனேன். பின்னால் யாராவது தட்டைக் கீழே போட்டால் அவரோடு சண்டைக்கு நின்றேன். சித்தப்பா அதற்குத் திமிர் என்று பெயர் வைத்தார். "அவன் வந்தா சண்டைலா," என்று சொல்லிக் குடும்பப் பயணங்களிலிருந்து என்னைக் கழற்றிவிட்டார். உன் மாமியாரோ உனக்கு வந்ததை நாடகம் என்றார். யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்து எதைச் சொன்னார்கள் என்பது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. மறக்கும் உத்தேசமும் இல்லை.

அரசு பாலிகிளினிக் வழியாக நீ மனநல ஆலோசகரிடம் போனாய். சில மாதங்கள் கழித்து, நம் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் கோப்பிக் கடையில் என்னை உட்காரவைத்தாய்.

"டேய், எனக்கு வந்த வியாதிதான் உனக்கும் வந்திருக்கு."

"எனக்கென்ன பயமா?"

"உனக்குப் பயம் கோபமா வருது. ஆம்பளைங்க நிறைய பேருக்கு அப்படித்தான் வெளிய வருமாம். அதனால வியாதின்னே யாரும் நினைக்க மாட்டாங்களாம்."

"அப்ப உனக்குக் கோபமே வரலையாக்கும்."

"வராம? உன்னைவிட அதிகமா வந்துச்சு. நான் கத்தினா பைத்தியம்னுவாங்க. நீ நடுங்கினா பொம்பளைன்னுவாங்க. உன் கோபமும் என் பயமும் ஒரே பஸ்லதான்டா ஏறி வந்துச்சு."

படித்தவன் ஆயிற்றே, நம்பாமல் நூலகத்தில் போய்த் தேடினேன். அதிர்ச்சிக்குப் பின் வரும் இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது என்று எழுதியிருந்தார்கள். வந்ததை வெளியே சொல்லாத ஆண்களை யார் எண்ணினார்கள் என்று உன்னிடம் வந்து சண்டை போட்டேன். நீ சிரித்தாய். "அதைத்தானே நானும் சொல்றேன், கூமுட்டை."

நீ முதலில் ஒரு நிறுத்தம் வரை பஸ்ஸில் போனாய். பிறகு தேக்கா சந்தை வரை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸிலேயே எல்லைப் பாலம் தாண்டி, ஜொகூர் பாருவிலிருந்து அழைத்தாய். "டேய், நான் அக்கரையில நிக்கிறேன்." எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தப் பொறாமைதான் கடைசியில் என்னையும் ஆலோசகர் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தது. உன்னைப் புற்றுநோய்தான் கொண்டுபோயிற்று, அக்கா. அந்த பஸ்ஸால் முடியவில்லை.

போன வாரம் உன் மகளுக்குச் சிரம்பானில் கல்யாணம். சிராங்கூன் சாலையிலிருந்து பஸ் புறப்பட இருந்தது. தாய்மாமன் மாலையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நின்றேன். சித்தப்பா அருகில் வந்தார்.

"நீ தனியா கார்ல வந்துடேன்பா. நல்ல காரியம், பிரச்சினை வேணாம்லா."

உன் மகள் குறுக்கே வந்தாள். "மாமா என் பக்கத்துலதான் உக்காருவாரு, தாத்தா."

ஓட்டுநர் டயர்களுக்கு அடியில் வைத்ததுபோக ஒரு பழம் மிஞ்சியிருந்தது. அவள் அதை வாங்கி, எல்லோரும் பார்க்க, என் தலையைச் சுற்றி மூன்று முறை சுற்றினாள்.

"உங்களுக்கு யாருமே சுத்தலைன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க. ரோட்டுல எறிஞ்சா ஃபைன் போடுவாங்க மாமா, பையில வச்சுக்குங்க."

ஏறினேன். நெடுஞ்சாலையில் மழை பிடித்துக்கொண்டது. முன்னால் போன லாரி சட்டென்று நிற்க, எங்கள் ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினார். பஸ் ஒரு பக்கம் வழுக்கி, நின்றது. எல்லோரும் அலறினார்கள். ஓட்டுநரின் தாயைப் பற்றிய வசவு ஒன்று என் தொண்டைவரை வந்துவிட்டது. ஆலோசகர் சொல்லித்தந்தபடி உள்ளங்கால்களைத் தரையில் அழுத்தினேன். பிறகு, அத்தனை உறவினர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"எனக்குப் பயமா இருக்கு."

உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்சீட்டிலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது, நடுங்கிக்கொண்டு. "எனக்கும்தான்டா."

அந்த ஒரு வார்த்தைக்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. ஆனால் தண்ணீர் பாட்டிலைப் பின்னால் நீட்டினேன். வாங்கிக் குடித்தார்.

மண்டபத்தில் பெட்டியைத் திறந்தபோது ஒரு பூகூட நசுங்கியிருக்கவில்லை. உன் மகளுக்கு மாலை போட்டபோது என் கை நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சுற்றிய பழத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது என்பார் பெரியம்மா. சட்டையைத் துவைக்கப் போட்டுவிட்டேன். பழத்தை எடுத்து உன் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன்.