இடது கால்

பாப்பா,

நீ அனுப்பிய ஆட்டோமேட்டிக் கார் படங்களைப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் கியர் மாற்றாமல் ஓட்டுவது, அடுத்தவர் மென்று தந்த சோற்றை விழுங்குவது மாதிரி. மேட்டில் இன்ஜின் முனகும்போது கிளட்சை மிதித்து இரண்டாவது கியருக்கு இறக்கினால், வண்டி தெம்பாக ஏறுமே, அந்தச் சுகம் எதில் வரும்?

நேற்று மேம்பாலம் ஏறும்போது, கியரைக் குறைக்கலாம் என்றால் இடது கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்தேன். பின்னால் ஒரே ஹார்ன் சத்தம்.

"மறுபடியும் மரத்துப்போச்சா?" என்றாள் அம்மா.

"ரெண்டு நிமிஷத்துல சரியாயிடும்."

"போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க."

அவள் என் பக்கம் சாய்ந்து, முழங்காலில் இரண்டு கைகளையும் வைத்து அமுக்கினாள். கிளட்ச் இறங்கியது. வண்டியைக் கிளப்பி முதல் கியரைப் போட்டேன்.

"இப்போ மெதுவா விடு."

விட்டாள். வண்டி நகர்ந்தது. இரண்டாவது கியருக்கு நான் சொல்லி அமுக்கினாள். மூன்றாவதுக்கு நான் வாய் திறக்கும் முன்பே, இன்ஜின் சத்தத்தைக் கேட்டு அவளே அமுக்கிவிட்டாள். ஸ்டியரிங்கைத் தொட்டுக்கூடப் பார்க்காதவள்! "பலே!" என்று திரும்பினேன். சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறோம். டாக்சியில்தான்.

நீ வந்ததும் கார் சாவியை என்னிடம் கேட்காதே. ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விடு. கேட்டால் தரமாட்டேன்.

உன்
அப்பா