மங்கலாக வந்தாலும் நிற்காமல் வந்த நேரலை குறித்த மனு

அனுப்புநர்
தோ மல்-சூன்,
தலைவி, கடல் மகளிர் சங்கம்,
யோன்சே தீவு.

பெறுநர்
மாவட்டத் தலைவர் அவர்கள்,
மாவட்ட அலுவலகம்.

பொருள்: நேரலையின் தரத்தைக் குறைத்ததாகப் பொறியாளர் பியோன் ஹே-வோன் அவர்களிடம் விளக்கம் கேட்டதை எதிர்த்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தீவின் கு யே-தம், மாவட்டப் பெண்கள் மல்யுத்தப் போட்டியில் களம் கண்டது தாங்கள் அறிந்ததே. அன்று காற்று பலமாக வீசியதால் படகு ஓடவில்லை. எனவே ஊரே கூடத்தில் திரண்டு, சுட்ட கணவாயும் அரிசிக் கள்ளுமாக, தங்கள் இணையதள நேரலையைத் தொலைக்காட்சியில் பார்த்தது.

2. நேரலை உயர்தரத்தில் மட்டுமே வந்தது. எங்கள் இணைய இணைப்போ காற்றடித்தால் தளர்ந்துவிடும். அரையிறுதியில் யே-தம் எதிராளியின் இடைக்கச்சையைப் பற்றிய கணத்தில் படம் உறைந்து, வட்டம் சுழலத் தொடங்கியது. படம் மீண்டபோது இருவரும் வணங்கிக்கொண்டிருந்தனர். "எம் பொண்ணு ஜெயிச்சாளா தோத்தாளா, யாராச்சும் சொல்லித் தொலைங்களேன்!" என்று அவருடைய தாயார் கதறினார்.

3. உடனே தங்கள் ஒளிபரப்புப் பிரிவுக்குத் தொலைபேசினேன். "ஜெயிச்சுட்டாங்கம்மா! ஃபைனலுக்குள்ள சரிபண்றேன், ஃபோனை வைங்க" என்றார் பொறியாளர் ஹே-வோன். ஒரே காட்சியைப் பல தரங்களில் சிறு சிறு துண்டுகளாக்கி, இணைப்பின் வேகத்துக்கு ஏற்ற துண்டை அவ்வப்போது எடுத்துக்கொள்ளும் முறையை அவர் இயக்கியதாகப் பின்னர் அறிந்தோம்.

4. இறுதிச்சுற்று கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. ஆனால் ஒரு கணமும் நிற்கவில்லை.

"அந்த நீலக் கட்டம்தானே நம்ம புள்ள?"

"அடியே, நம்மாளு செவப்புடி!"

சிவப்பு தாழ்ந்தது, நீலம் அந்தரத்தில் எழுந்து மணலில் விழுந்தது. கூடமே அதிர்ந்தது. தாயார் தொலைக்காட்சியைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. மூட்டுவலிக்காரரான ஊர்த்தலைவர் மேசைமேல் ஏறி ஆடினார். இறக்கத்தான் நாலு பேர் தேவைப்பட்டனர்.

5. இந்நிலையில், "மங்கலான ஒளிபரப்பால் மாவட்டத்தின் மதிப்புக் குறைந்தது" என்று ஹே-வோனிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பப்பட்டதை அறிந்து வருந்துகிறோம். மங்கலாகப் பார்த்தவர்கள் நாங்கள். புகார் சொல்ல வேண்டியவர்களும் நாங்களே. எங்களுக்குப் புகார் இல்லை.

ஆகவே அக்கடிதத்தைத் திரும்பப் பெற்று, அம்முறையை நிரந்தரமாக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். சனிக்கிழமை யே-தம், பரிசாகப் பெற்ற காளையுடன் படகில் வருகிறார், ஊருக்கே விருந்து. அதற்கு ஹே-வோனையும் விடுப்பளித்து அனுப்பிவைக்க வேண்டும். தவறினால், காளையையும் அழைத்துக்கொண்டு நாங்கள் அனைவரும் தங்கள் அலுவலகத்துக்கே வந்து விருந்தை நடத்த நேரிடும் என்பதை மிகுந்த பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

இடம்: யோன்சே தீவு
நாள்: அக்டோபர் 17

இப்படிக்கு,
தொண்டை இன்னும் கட்டியிருக்கும் ஊரார் சார்பில்,
தோ மல்-சூன்