இஞ்சை வா

உரும்பிராய்
19.01.2025

அன்புள்ள தம்பி பரஞ்சோதிக்கு,

பொங்கல் முடிந்த கையோடு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நானும் குணலட்சுமியும் சுகம். உம்முடைய சுகத்தைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். மகள் தர்சிகாவுக்கு இரண்டு தரம் போன் எடுத்தேன். "அப்பாவாலை கதைக்கேலாது மாமா. கழுத்துக் குழாய் இன்னும் கழட்டேல்லை. உங்கடை குரலைக் கேட்டாலும் அழுறார்" என்றாள். வரட்டோ என்று கேட்டேன். வீட்டுக்கு ஆட்கள் வருவது மருமகனுக்குப் பிடிக்காதாம். அதுதான் கடிதம். முப்பது வருடம் தபால் கந்தோரில் ஊராரின் கடிதங்களுக்கு முத்திரை குத்தினவன், இப்போதுதான் எனக்கென்று ஒன்று எழுதுகிறேன்.

உம்மேல் எனக்கு ஒரு முறைப்பாடு இருக்கிறது. நீர் சவாரியில் வண்டிலால் விழுந்து ஒன்பது மாதம். அன்றிலிருந்து எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லை. பதினான்கு வருடம் உமக்கு மட்டுமே கத்திப் பழகிய வாய் இது. இந்தப் பொங்கல் மாட்டுவண்டிச் சவாரிக்குப் போய்க் கயிற்றோரம் நின்றேன். கொடி விழுந்தது, சோடி சோடியாக மாடுகள் பறந்தன, சனம் துள்ளியது. நான் மட்டும் செத்த வீட்டுக்கு வந்தவன் போல நின்றுவிட்டுத் திரும்பினேன். "உங்களுக்குச் சவாரி முக்கியமில்லை. கத்திறதுக்கு ஓராள் வேணும், அவ்வளவுதான்" என்கிறாள் குணலட்சுமி. அவள் சொல்வது சரி. ஆகவே ஆள் தேடத் தொடங்கிவிட்டேன். கோபிக்க மாட்டீர்தானே? உமக்கு இனி வண்டில் இல்லை. எனக்குத் தொண்டை இன்னும் இருக்கிறது.

அளவெட்டியில் கீர்த்திகன் என்று ஒரு பெடியன். கறுப்புக் கண்ணாடியும் ஆளும், வண்டிலில் ஏற முதல் தன்னைத்தானே படம் எடுக்கிறான். ஆனால் கை நல்ல கை. உம்மைப் போலவே தடியை ஓங்காமல் ஓட்டுகிறான். பார்ப்போம்.

உம்முடைய மாடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலப்பக்கம் ஓடிய வலத்தன் கருவல் கோப்பாயில் ஒரு தோட்டக்காரரிடம் நன்றாக நிற்கிறது. இடத்தன் மயிலைக்குக் கால் இனிச் சரிவராது என்று மிருக வைத்தியர் கைவிரித்தபடியால், தர்சிகாவிடம் கேட்டுக்கொண்டு லொறிக்காரருக்குக் கொடுத்தேன். எந்த லொறி என்று நான் எழுதத் தேவையில்லை.

உம்முடைய அண்ணை,
பொன்னம்பலம்

*

தொண்டைமானாறு
30.01.2025

மதிப்புக்குரிய பொன்னம்பலம் அண்ணைக்கு,

கடிதம் கிடைத்தது. கை நடுங்குகிறது, எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நுகத்தடி அடித்த இடம் ஆறிவிட்டது. குரல் இனி வராது என்று டாக்குத்தர் முடிவாகச் சொல்லிவிட்டார். கஞ்சியைத் தவிர வேறொன்றும் இறங்காது. பேத்தி என் கழுத்தைப் பார்த்துப் பயந்து அழுகிறாள். நான் அறைக்குள்ளேயே இருந்துவிடுகிறேன்.

ஆள் தேடுவதில் எனக்குக் கோபம் இல்லை. தாராளமாகத் தேடுங்கள்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். மயிலை பிறத்தியாருக்குக் கிட்டப் போகாத மாடு. அதை எப்படி லொறியில் ஏற்றினார்கள்? எத்தனை பேர் பிடித்தார்கள், அடித்தார்களா? அதை நினைத்தால் நித்திரை வருவதில்லை.

அன்புடன்,
பரஞ்சோதி

*

உரும்பிராய்
06.02.2025

அன்புள்ள தம்பிக்கு,

உம்முடைய கையெழுத்தைக் கண்டதும் குணலட்சுமி அழுதுவிட்டாள். நான் கோழி முட்டைக்கருவும் நல்லெண்ணெயும் குடிக்கச் சொல்லி எழுதலாமென்றிருந்தேன். கஞ்சி மட்டும்தான் இறங்கும் என்கிறீர், சரி.

மயிலையை நினைத்து நித்திரை கெட வேண்டாம். ஒருவரும் பிடிக்கவில்லை, ஒரு அடியும் விழவில்லை. ஏற்றியது நான். உமக்குத் தெரியாத ஒரு களவு இருக்கிறது, இனிச் சொன்னால் என்ன. நீர் இங்கே ஊரில் இருந்த காலத்தில், பின்னேரத்தில் தோட்டத்துக்கு இறைக்கப் போகிற நேரம் பார்த்து நான் இரண்டு கதலிப்பழத்தோடு உம்முடைய மாட்டுக் கொட்டிலுக்கு வருவேன். சவாரி மாட்டுக்குப் பழம் தீத்தக் கூடாது என்று நீர் ஏசுவீர் என்பதால் சொல்லவில்லை. மயிலைக்கு நானாக ஒரு பெயரும் வைத்திருந்தேன், துரை என்று. "துரை, இஞ்சை வா" என்றால் போதும், எங்கே நின்றாலும் காதை நிமிர்த்திக்கொண்டு என்னிடம் வந்துவிடும். உலகத்தில் வேறு ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியாது.

அன்றைக்கு லொறிக்காரர் மூன்று பேர் கயிற்றோடு மல்லுக்கட்டினார்கள், மாடு அசையவில்லை. நான் லொறிக்குள் ஏறி நின்று கூப்பிட்டேன். நொண்டி நொண்டிப் பலகையில் தானாகவே ஏறி வந்து என் கையை முகர்ந்தது. "ஐயா, இப்பிடி ஏறின மாட்டை நான் கண்டதில்லை" என்றான் லொறிக்காரன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அதை விடும், நல்ல செய்தி ஒன்று. கீர்த்திகனை ஏற்றுக்கொண்டுவிட்டேன். போன ஞாயிறு என் பழைய இடத்தில், முடிவுக் கோட்டுக்கு நூறு யார் தூரம் முன்னால் இடப்பக்கத்துப் பனங்குற்றியடியில் நின்று கத்தினேன் பாரும், தொண்டை கட்டிவிட்டது. பெடியன் வென்று திரும்பும்போது எனக்குக் கை காட்டினான். பத்து வயது குறைந்த மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

உம்முடைய,
பொன்னம்பலம்

*

தொண்டைமானாறு
20.02.2025

அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பிறகு தர்சிகாவைச் சத்தமாக வாசிக்கச் சொல்லியும் கேட்டேன். பத்து மாதமாக மனதில் கிடந்த ஒரு கேள்விக்கு மறுமொழி அதில் இருந்தது. நன்றி.

கீர்த்திகன் நல்ல தெரிவு. அவருடைய விலாசத்தை அனுப்பிவையுங்கள். பழைய சாரதி புதிய சாரதிக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

ஒரு சின்னச் சந்தேகம். நான் விழுந்த அன்றும் அந்தப் பனங்குற்றியடியில்தான் நின்றீர்களா? அன்றும் கத்தினீர்களா?

பரஞ்சோதி

*

உரும்பிராய்
17.03.2025

அன்புள்ள தம்பிக்கு,

கீர்த்திகனின் விலாசத்தை அன்றைக்கே தபாலட்டையில் எழுதி அனுப்பினேன், கிடைத்திருக்கும்.

நீர் என்ன கேள்வி கேட்கிறீர். நான் வேறெங்கே நிற்பேன்? சித்திரைச் சவாரி, கடைசி ஓட்டம், நீர் அரை வண்டில் பிந்தி வருகிறீர். நான் கத்தாமல் யார் கத்துவது? கயிற்றுக்கு மேலால் பாதி உடம்பை வெளியே போட்டுக் கத்தினேன். அந்த இரைச்சலில் என்ன கத்தினேன் என்பது எனக்கே தெரியாது. பிறகு நடந்ததை எழுத எனக்கு மனமில்லை.

இப்போது என் பாட்டைக் கேளும். கீர்த்திகன் மாறிவிட்டான். இரண்டு கிழமையாகத் திடலில் கண்டால் முகத்தைத் திருப்புகிறான். போன ஞாயிறு வண்டில் பூட்டுகிற இடத்துக்கு நானே போனேன். மாட்டின் முகத்தைத் தடவக் கையை நீட்டியதுதான் தாமதம், குறுக்கே வந்து நின்றான். "ஐயா, மாட்டோடை கதைக்க வேண்டாம். தூரப் போங்கோ" என்றான். பத்துப் பேர் பார்க்கச் சொன்னான், தம்பி. வென்றதும் தலைக்கனம் வந்துவிட்டது. போகட்டும், அவனை விட்டுவிட்டேன்.

இனி எங்கள் ஒழுங்கையில் இருக்கிற கோபிசங்கர்தான். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த பிள்ளை, பணிவான பிள்ளை. இந்த முறை முதற்பிரிவில் ஓடுகிறான். விலாசம் தேவையில்லை, பெயரையும் உரும்பிராயையும் எழுதினால் போய்ச் சேரும். அவனுக்கு நீரே ஒரு வரி எழுதும், என்னைப் பற்றி. உம்முடைய சொல்லுக்கு இந்தப் பக்கத்தில் இன்னும் மதிப்பு இருக்கிறது.

உம்முடைய,
பொன்னம்பலம்

*

உரும்பிராய்
07.04.2025

தம்பி பரஞ்சோதிக்கு,

என் போன கடிதத்துக்கு மறுமொழி இல்லை. சுகமில்லையோ என்று பயமாக இருக்கிறது.

நேற்று நடந்ததை உமக்கு எழுதாமல் யாருக்கு எழுதுவேன். கோபிசங்கர் ஓடுவதற்கு முன் நான் பனங்குற்றியடிக்குப் போய் நின்றேன். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் சொல்கிறார்: "இடப்பக்கம் பனங்குற்றியடியிலை நிக்கிற பொன்னம்பலம் ஐயா தயவுசெய்து திடலை விட்டு வெளியிலை போகவும். ஐயா வெளியிலை போனால்தான் கொடி விழும்." இரண்டு தரம் சொன்னார். சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சிலர் சிரித்தார்கள், சிலர் சிரிக்காமல் பார்த்தார்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. சங்கத்துப் பெடியள் இரண்டு பேர் என் கையைப் பிடித்து வாசல் மட்டும் கொண்டுவந்து விட்டார்கள். கோபிசங்கர் வண்டிலில் நின்றபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் என்ன களவெடுத்தேனா? குடித்துவிட்டு நின்றேனா? என்னைப் பற்றி ஏதோ ஒரு கதை ஊரில் ஓடுகிறது. கேட்டால் ஒருவரும் சொல்கிறார்களில்லை. உமக்கு ஏதும் தெரியுமா?

பொன்னம்பலம்

*

தொண்டைமானாறு
12.04.2025

அண்ணைக்கு,

தெரியும். அந்தக் கதையை எழுதினது நான்தான். கீர்த்திகனுக்கு ஒரு கடிதம், கோபிசங்கருக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று. மூன்றிலும் ஒரே விசயம்தான். அதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

அன்றைக்குச் சனம் முழுக்க "போ, போ" என்று கத்தியது. சவாரியில் எல்லாரும் அப்படித்தான் கத்துவார்கள். ஒரு குரல் மட்டும் இடப்பக்கத்திலிருந்து "துரை, இஞ்சை வா" என்றது. என் மாட்டுக்குத் துரை என்று பெயர் இல்லை. ஆனால் மயிலை காதை நிமிர்த்தியது, முழு ஓட்டத்தில் இடப்பக்கம் திரும்பியது. கருவல் நேரே இழுத்தது. வண்டில் புரண்டது, நுகத்தடி என் கழுத்தில் அடித்தது. ஆசுப்பத்திரியில் கிடந்தபோது யார் அந்தத் துரை, யார் கூப்பிட்டது என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆரோ எதிரி என்றுதான் நினைத்தேன். என் வளவுக்குள் களவாக வந்து பழம் தீத்தின மனிசன் என்று நினைக்கவில்லை.

நீங்களாக எழுதித்தான் தெரிந்துகொண்டேன். அதே சொல்லால் அதைக் கொலைக்கும் ஏற்றியிருக்கிறீர்கள். பெருமையாகவும் இருந்ததாம்.

எனக்குக் குரல் போனது. உங்களுக்குக் கத்த ஆள் இல்லை. யாழ்ப்பாணத்தில் எந்தத் திடலிலும் எந்தச் சாரதியும் உங்களைக் கிட்ட விடமாட்டான். அதைப் பார்த்துக்கொண்டேன்.

பரஞ்சோதி

*

உரும்பிராய்
21.04.2025

என் அன்புத் தம்பிக்கு,

இன்றைக்கு நீர் விழுந்து ஒரு வருடம். உம்முடைய கடிதத்தைக் குணலட்சுமிக்குக் காட்டவில்லை. முத்திரை ஒட்டிய இந்த உறை நாலு நாளாக மேசையில் கிடக்கிறது.

நான் பொய் எழுதினேன். என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியும். அது காதை நிமிர்த்தி, சனத்துக்குள்ளே என்னைத் தேடிக் கண்டு, என்னிடம் வந்ததை நான் பார்த்தேன். பழம் தரப்போகிறேன் என்று வந்தது. நீர் பிந்தி வருகிறீரே, கொஞ்சம் கெதியாக வரட்டும் என்றுதான் கூப்பிட்டேன். எனக்கு அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை, தம்பி. முருகன் மேல் ஆணை. அதை லொறிக்குக் கொடுத்ததும் காலுக்காக மட்டும் இல்லை. அது கொட்டிலில் நின்று என்னைப் பார்க்கிற பார்வையைத் தாங்க முடியவில்லை. உம்மிடம் அதைச் சொல்லப் பயந்து, ஆள் தேடுகிறேன், கீர்த்திகன், கோபிசங்கர் என்று எழுதி எழுதி நிரப்பினேன். யாராவது ஒருவன் வண்டிலோடு எனக்கு முன்னால் ஒழுங்காகப் போய்க் கோட்டைத் தாண்டினால், என் குரலில் குற்றமில்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். கீர்த்திகன் வென்ற அன்றுதான் ஒரு வருடத்தில் ஒழுங்காக நித்திரை கொண்டேன்.

நீர் செய்தது சரி. திடல் எனக்கு இனி வேண்டாம். புதிய ஆளும் வேண்டாம். எனக்கு எப்போதும் இருந்தது நீர் ஒருவர்தான். உம்முடைய காலடியில் வந்து இருந்து, நீர் தடியால் அடித்தாலும் வாங்கிக்கொண்டு போக வேண்டும். மருமகன் திட்டினாலும் பரவாயில்லை. நீண்ட கடிதம் எழுத வேண்டாம், கை நடுங்கும். வா என்று ஒரு சொல் எழுதும். முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

உம்முடைய அண்ணை,
பொன்னம்பலம்

*

தொண்டைமானாறு
25.04.2025

போ.