கல்லின் பின்பக்கம் ஒரு வரி

அன்பு மகளுக்கு,

உன் அப்பா தனக்குக் கல்லறைக்கு இடம் பதிவு செய்துவிட்டு வந்துவிட்டார். பதறாதே, ஆள் திடமாகத்தான் இருக்கிறார், இன்று காலையில்கூட இரண்டாவது காபிக்குச் சண்டை போட்டார், எனக்கும் முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமென்று நம்பித்தான் எழுதுகிறேன். போன மாதம் இதய டாக்டரிடம் போய் வந்ததிலிருந்தே மனுஷன் முகம் சரியில்லை. மின்சார பில்லைத் தேடி மேஜை டிராயரைத் திறந்தால் முன்னாள் படைவீரர் அலுவலகத்திலிருந்து கடிதம். இடம் இலவசம், பெயர் வெட்டிய கல் இலவசம், மேலே போர்த்தக் கொடி இலவசம், ஊதுகுழல் ஊத ஓர் ஆள், அதுவும் இலவசம். நாற்பது வருஷமாக நான் கூட நிற்காமல் ஒரு பஸ் டிக்கெட் எடுக்கத் தெரியாதவர், இதற்கு மட்டும் படிவம், போட்டோ, படையிலிருந்து விடுவித்த சான்றிதழுக்கு மூன்று நகல் என்று எல்லாம் ஒழுங்காகக் கொடுத்து ரசீதும் வாங்கி வைத்திருக்கிறார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இரண்டாம் பக்கத்தைத் திருப்பும் வரைக்கும்.

மனைவிக்கும் அதே இடத்தில் அடக்கம் வேண்டுமா என்று அதில் ஒரு கேள்வி. வேண்டாம் என்ற கட்டத்தில் டிக் அடித்து, போதாததற்குப் பக்கத்தில் கையெழுத்து வேறு. கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், ஓசியில வர்றதெல்லாம் ஓட்டைன்னு நீதானே சொல்லுவே, உனக்கு நல்லதா ஒண்ணு காசு குடுத்தே வாங்கிக்கலாம் என்கிறார். ஒரு பெட்டி ஆணியோடு ஆரம்பித்து இத்தனை பெரிய பிளைவுட் கடை வைத்தவளுக்கு, கணவன் பக்கத்தில் ஆறடி இல்லையாம். மறுநாள் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு நேரே அந்த அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே இருமல் மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஒரு அம்மாள், கெட்டிக்காரி. ஒரே குழிதானாம், முதலில் போகிறவரை ஆழமாக வைப்பார்களாம், அடுத்தவர் மேலே. கல்லின் முன்பக்கம் அவர் பெயர், பதவி, வருஷம். பின்பக்கம் அவர் மனைவி என்று போட்டு என் பெயர், கீழே ஒரு வரி, பதினைந்து எழுத்துக்குள். பிளைவுட் வியாபாரி என்று போடலாமா என்றேன். கடை விளம்பரம் கூடாதும்மா என்றாள். அங்க படுத்திருக்கறவங்க யாருக்கு இனிமே அலமாரி செய்யணும், யாருக்கு விளம்பரம் என்றேன். மிட்டாய் புரையேறச் சிரித்துவிட்டு, தொழிலை மட்டும் எழுதினால் கூடும் என்றாள். ஆனால் டிக்கை மாற்ற அவரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். பெட்டியும் வண்டியும் நம் செலவு, அதைக் கடிதத்தில் கடைசியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள், நானாக இருந்தாலும் அங்கேதான் போடுவேன். வாசலிலேயே சவப்பெட்டிக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டு, அசல் தேக்கும்மா, தலைமுறைக்கும் நிற்கும் என்றார். தட்டிப் பார்த்தேன். ஒன்பது எம்எம் பிளைவுட் பலகை, மேலே ஒட்டிய தேக்குத் தோல், கீல் நம் கடைச் சரக்கு, அதிலும் மூன்றாம் தரம். உள்ள படுக்கறவன் எந்தத் தலைமுறைக்கு எழுந்து வந்து புகார் சொல்லப்போறான்னுதானே என்றேன். அப்புறம்தான் முகத்தைப் பார்த்து, அக்கா நீங்களா என்று பெட்டியைத் துணி போட்டு மூடினார்.

வந்து டிக்கை மாற்றிக் கையெழுத்துப் போடுங்கள் என்று வீட்டில் கேட்டேன், இரண்டு நாள் பேப்பரையே புரட்டினார். மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டுச் சொன்னார். அங்க வந்தும் பக்கத்துக் கல்லுக்காரங்ககிட்ட போர்வைக் கதையைத்தானே சொல்லுவே, அங்கயாவது நான் சிப்பாயா இருந்துட்டுப் போறேனே. உனக்குத் தெரியும், பன்னிரண்டு வருஷமும் உன் அப்பாவுக்கு மலை முகாமில் கிடங்கு வேலை, சுட்டது ஒன்றும் கிடையாது, எண்ணியதெல்லாம் போர்வை. எங்க வீட்டுக்காரர் கம்பளியைக் காப்பாத்தி நாட்டைக் காப்பாத்தினவர் என்று நான் கல்லாவில் உட்கார்ந்து சொல்லாத வாடிக்கையாளர் கிடையாது. சிரித்தால் சரக்கு எடுப்பார்கள், அதுதான் கணக்கு. அவரும் ஓரமாக நின்று சிரிப்பார், அதனால் கூசவில்லை என்று நினைத்துவிட்டேன். ஆள் பார்த்து விலை சொல்லுகிற எனக்கு இந்த ஒரு ஆளைப் பார்க்கத் தெரியவில்லை. பனி இறங்கிய ஒரு வாரம் தன் போர்வையையும் ஒரு காவல்காரனுக்குக் கொடுத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்தே விடிய வைத்ததாக, கல்யாணமான புதிதில் ஒரு தரம் சொல்லியிருக்கிறார். அதை நான் கல்லாவில் ஒருநாளும் சொன்னதில்லை, அதில் சிரிக்க ஒன்றும் இல்லையே.

நேற்று இருவருமாகப் போய்க் கையெழுத்துப் போட்டு வந்தோம். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுவிட்டு, கீழே நான்தான் போவேன், நீ மேலயே இரு என்றார். அதற்கு மட்டும் நான் பேரம் பேசவில்லை, வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் போகிற நாளில், நாங்கள் எழுதிக் கொடுத்தபடி, கொடியை மடித்து உன் கையில்தான் தருவார்களாம், அதற்கு அவசரம் ஒன்றுமில்லை, லீவுக்கு வந்து போ. போனில் அவரிடம் இதைப் பற்றித் துருவாதே, மருந்து சாப்பிட்டாரா என்று மட்டும் கேள். மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் உனக்கும் ஒரு குறையும் வராமல் நூறு வயசு நன்றாக இருங்கள். படிவத்தின் நகல் இத்துடன் இருக்கிறது, பத்திரமாக வை, வீட்டில் முடிவானதையும் தெரிந்துகொள். முன்பக்கம் சிப்பாய் என்று மட்டும் இருக்கும், கிடங்கு என்ற சொல் வராது. பின்பக்கம் என் பெயர், கீழே பிளைவுட் வியாபாரி. அதற்கு விலையாகப் போர்வைக் கதை இன்றோடு நின்றது, கல்லாவிலும், வீட்டிலும், உன்னிடமும்.

இப்படிக்கு,
அம்மா