அணை காய்ந்த ஆகஸ்ட்

ஆகஸ்ட் 4, 1953

தலைநகரிலிருந்து பொறியாளர் வந்தார். எங்கள் மர அணையின் உட்புறப் பலகைகளைக் கண்ணால் பார்த்தால்தான் சான்றிதழாம். நீரை இறக்கி வைத்தால் பத்தாம் தேதி வந்து பார்ப்பாராம். சரி என்றுவிட்டேன். கொழுந்தன் ஓரினிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் கணவர் லைலுக்குப் பிறகு இந்த மதகு வேலை தனக்கு வரும் என்று இருந்தவன். அவனிடம் போய் நிற்பதா?

ஆகஸ்ட் 5

மதகைத் திறந்தேன். மேட்டுத் தொட்டியில் ஊருக்குப் பத்து நாள் தண்ணீர் இருக்கிறது.

ஆகஸ்ட் 11

பொறியாளரைக் காணோம். ஓரின்தான் வந்தான்.

"எழுபது வருஷமா மூழ்கிக் கெடந்த மரம், அண்ணி. காஞ்சா சுருங்கிடும். இன்னைக்கே மூடிடுங்க."

அவர் வரட்டும் என்றேன்.

"வராட்டி அவரு வீட்டுக் குழாயா காயப்போவுது?"

அவன் சொன்னது எனக்குத் தெரியாததா? தெரியும். அவன் சொல்லி மூடுவதா என்றுதான் இருந்தேன்.

ஆகஸ்ட் 14

வந்தார். அரைமணி நேரம் பார்த்தார். "மரம் நல்லா இருக்கு" என்றார். பலகைகளுக்கு நடுவே என் சுண்டுவிரல் போகிறது. அவர் கிளம்பியதும் மதகை மூடினேன்.

ஆகஸ்ட் 17

ஓடையில் வருவதெல்லாம் இடுக்கு வழியே ஓடிவிடுகிறது. தொட்டி காலி. பெல்நாப் வீட்டுப் பெண் இடுப்பில் கைக்குழந்தை, கையில் வாளி என்று ஓடைக்கு இறங்குகிறாள். ஐயோ, நான் என்ன செய்துவிட்டேன்.

ஆகஸ்ட் 18

அணையடியில் தேங்கிய கொஞ்ச நீரில் நாள் முழுக்கப் படகில் அடுப்புச் சாம்பலும் மேப்பிள் மரத்தூளும் ஏற்றிப்போய் அணையோரம் கொட்டினோம். கசிவே அதை இழுத்து இடுக்கில் அடைத்துக்கொள்ளும். சின்னக் கசிவுக்கு இங்கே எப்போதும் அப்படித்தான். இதற்குப் போதுமா? ஓரின் துடுப்புப் போட்டான். குத்தலாக ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 20

ஊர்க்கூட்டம். "மேல இருந்து சொன்னா அண்ணி என்ன பண்ணுவாங்க?" என்று ஓரின் எனக்காகப் பேசினான். நான் பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

"ஓரின் மூடச் சொன்னாரு. நான்தான் மூடல."

பிறகு கை தூக்கச் சொன்னார்கள். மதகு இனி ஓரின் பொறுப்பு. அவனும் கை தூக்கினான்.

ஆகஸ்ட் 24

மரத்தூள் மூட்டை தைக்கப் போனேன். ஆள் இருக்கிறது என்றார்கள்.

ஆகஸ்ட் 30

எதிர்வீட்டுக் கொடி நிறையத் துணி காய்ந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகுதான் உள்ளே போய்க் குழாயைத் திறந்தேன். வந்தது. ஊருக்கெல்லாம் முந்தாநாளே வந்துவிட்டதாம்.